தண்டனை முடிந்தும் தொடரும் ஆணை: நியூ சவுத் வேல்ஸில் வாழும் குடும்பங்களுக்கு

விடுதலைத் தேதிக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் இருக்கும்போது சிறைக்குள் ஒரு தடித்த காகிதக் கட்டு வந்து சேரலாம். வாதி, நியூ சவுத் வேல்ஸ் அரசு. பிரதிவாதி, உங்கள் மகன் அல்லது கணவர் அல்லது தம்பி. புதிய குற்றச்சாட்டு எதுவும் அதில் இராது. பழைய தண்டனையைக் கூட்டும்படியும் கேட்டிருக்க மாட்டார்கள். இவர் மேற்பார்வை இல்லாமல் வெளியே வந்தால் மறுபடியும் கொடிய குற்றம் செய்யும் ஆபத்து இருக்கிறது, ஆகவே சில ஆண்டுகள் இவரைக் கண்காணிப்பில் வைக்க ஆணையிட வேண்டும் என்பதுதான் மனு.

இதற்கு நீட்டிப்பு மேற்பார்வை ஆணை என்று பெயர். சிறையிலும் நீதிமன்றத்திலும் வழக்கறிஞர் அலுவலகத்திலும் எல்லோரும் இ.எஸ்.ஓ. என்றே சொல்கிறார்கள், இந்த அத்தியாயமும் அப்படியே சொல்லும். கடுமையான பாலியல் குற்றத்துக்காகவோ, உயிரிழப்பையோ கொடுங்காயத்தையோ விளைவித்த வன்முறைக்காகவோ தண்டனை பெற்றவர்கள் மீதே இது பாயும். திருட்டு, போதைப்பொருள், மோசடி வழக்குகளில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம்.

தாண்டிப் போக முடியாதவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஆணையில் தடுக்கி விழுபவர்களில் பலர் புதிதாக யாரையும் தாக்கியவர்கள் அல்ல. சொல்லாத இடத்துக்குப் போனவர்கள், காட்டாத கைபேசியை வைத்திருந்தவர்கள், மாறிய வேலை நேரத்தைத் தெரிவிக்காதவர்கள். ஆணையின் ஒவ்வொரு வரியும் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தால் இப்படிப்பட்ட சறுக்கல்களில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். மானத்துக்கு அஞ்சி வாயை மூடிக்கொள்ளும் வீட்டில்தான் அந்த வரிகள் தெரியாமல் போகின்றன.

சட்டம் எங்கிருந்து வந்தது

1994இல் நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றம் ஒரே ஒரு மனிதரைச் சிறையில் தொடர்ந்து வைத்திருப்பதற்காக ஒரு சட்டம் இயற்றியது. 1996இல் ஆஸ்திரேலிய ஹை கோர்ட் கேபிள் என்ற அந்த மனிதரின் வழக்கில் அதைச் செல்லாது என்றது. அதிலிருந்து பாடம் கற்ற மாநிலங்கள், ஒருவரைக் குறிவைக்காமல் பொதுவான சட்டங்களை எழுதின. குயின்ஸ்லாந்து 2003இல் முதலில் எழுதியது. அது 2004இல் ஃபார்டன் வழக்கில் ஆறு நீதிபதிகளின் ஆதரவோடும் ஒருவரின் மறுப்போடும் நிலைத்தது. நியூ சவுத் வேல்ஸ் 2006இல் பாலியல் குற்றங்களுக்கு மட்டும் சட்டம் கொண்டுவந்தது, 2013இல் வன்முறைக் குற்றங்களையும் அதில் சேர்த்தது. தண்டனை முடிந்த பிறகும் சிறையிலேயே வைத்திருக்கும் ஆணை குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையை மீறுகிறது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2010இல் கூறியது. குழு ஆராய்ந்த இரு வழக்குகளில் ஒன்று குயின்ஸ்லாந்தைச் சேர்ந்தது, மற்றது இந்த மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனாலும் அந்த ஆணைக்கு இடம்தரும் சட்டங்கள் நீடிக்கின்றன.

வரலாறு இவ்வளவு போதும். "தண்டனையைத்தான் முழுசாக அனுபவித்துவிட்டானே, இன்னும் என்ன?" என்று கேட்கும் தாய்க்கு ஒன்று மட்டும் புரிந்தால் நல்லது. சட்டத்தின் கண்ணில் இது தண்டனை அல்ல, சிவில் வழக்கு, நோக்கம் வருங்காலப் பாதுகாப்பு. அனுபவிப்பவருக்கு அது இன்னொரு தண்டனையாகத்தான் இருக்கும் என்பதும் உண்மை. நீதிமன்றத்தில் உதவப்போவது முதலாவது புரிதல். வீட்டில் அவரோடு பேசும்போது இரண்டாவதை மறக்கக் கூடாது.

வழக்கு நடக்கும் விதம்

மனுவை மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட் விசாரிக்கும். இங்கே அது மாநில அளவிலான நீதிமன்றம், ஹை கோர்ட்தான் நாட்டுக்கே மேலானது. ஊரில் பழகிய வரிசைக்கு இது நேர் எதிர் என்பதால், "கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்விட்டது" என்று சொந்தக்காரர்கள் பதற வேண்டாம்.

நடப்பில் இருக்கும் சிறைக்காலம் அல்லது பரோல் போன்ற மேற்பார்வைக் காலத்தின் கடைசி ஒன்பது மாதங்களுக்குள்தான் அரசு மனுப்போட முடியும். மனுவோடு ஓர் உளவியலாளரின் அல்லது மனநல மருத்துவரின் மதிப்பீடு இருக்கும். முதல்கட்ட விசாரணையை 28 நாட்களுக்குள் நடத்த வேண்டும். அரசு சொல்வதெல்லாம் மெய்ப்பிக்கப்பட்டால் ஆணையிட இடமுண்டு என்று நீதிபதி கருதினால், தனித்தனியாக இரண்டு நிபுணர்களை நீதிமன்றமே நியமிக்கும். இல்லையென்றால் மனு அங்கேயே தள்ளுபடியாகும். இறுதி விசாரணைக்கு முன்பே தண்டனைக் காலம் முடிந்துவிடும் போலிருந்தால் இடைக்கால ஆணை போடுவார்கள். அது ஒரு தடவைக்கு 28 நாள், புதுப்பித்துக்கொண்டே போனாலும் மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது.

இறுதி விசாரணையில் நீதிபதி கேட்கும் கேள்வி இது: மேற்பார்வை இல்லாவிட்டால் இவர் மீண்டும் கடுங்குற்றம் புரியும் ஏற்கத்தகாத ஆபத்து இருக்கிறது என்பதை உயர்ந்த அளவு நிச்சயத்தோடு சொல்ல முடியுமா? சாதாரண சிவில் வழக்கில் கேட்கும் நிரூபணத்தைவிட இது கூடுதல், குற்ற வழக்கில் கேட்பதைவிடக் குறைவு. இங்கே குடும்பங்கள் அடிக்கடி தடுமாறுவதைக் கவனியுங்கள். "அவன் திரும்பவும் செய்வதற்குப் பாதிக்குப் பாதிகூட வாய்ப்பில்லை என்று டாக்டரே எழுதியிருக்கிறாரே" என்று நம்பிக்கையோடு வந்து உட்காருவார்கள். மீண்டும் செய்யும் வாய்ப்பு செய்யாமலிருக்கும் வாய்ப்பைவிட அதிகம் என்று நீதிமன்றம் கண்டறிய வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நடக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தாலும், நடந்தால் ஒரு குழந்தையின் வாழ்க்கையே நாசமாகும் என்றால், அந்த ஆபத்தை ஏற்கத்தகாதது என்று நீதிபதி கொள்ளலாம். சமூகத்தின் பாதுகாப்பையே முதன்மையாகக் கருத வேண்டும் என்று சட்டம் அவருக்குக் கட்டளையிடுகிறது.

ஆணையின் காலம் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. முடிந்ததும் மறுபடியும் கேட்கலாம். மேற்பார்வை போதாது என்று தோன்றினால் அரசு தொடர் தடுப்புக்காவலும் கேட்கலாம், அதாவது சிறையிலேயே வைத்திருக்கும் ஆணை. அதற்கும் உச்சவரம்பு ஐந்து ஆண்டு, அதையும் புதுப்பிக்க முடியும்.

வழக்கறிஞர் விஷயத்தில் தாமதம் வேண்டாம். காகிதக் கட்டு கைக்கு வந்த அன்றே லீகல் எய்ட் அலுவலகத்தோடு பேசுங்கள். இது சாதாரணக் கிரிமினல் வழக்கறிஞர்கள் எல்லோரும் நடத்திப் பழகிய வழக்கு அல்ல. கோயிலில் அறிமுகமான, வீடு வாங்கும்போது பத்திரம் எழுதிக் கொடுத்த நம்மவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள். வழக்கில் தோற்றாலும் அரசின் செலவை உங்கள் பிள்ளை கட்டும்படி நீதிமன்றம் ஆணையிட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பயத்திலேயே பலர் எதிர்வழக்காடாமல் விட்டுவிடுகிறார்கள்.

நிபுணர் வரும் நாள்

வழக்கின் போக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டு நிபுணர்களின் அறிக்கைகள்தான். வழக்கறிஞரிடம் சொல்வது ரகசியம், நிபுணரிடம் சொல்வது ரகசியம் அல்ல. ஒவ்வொரு சொல்லும் நீதிபதியின் மேசைக்குப் போகும். பேச மறுக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் எந்த அளவுக்கு ஒத்துழைத்தார் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். பேசுவதா வேண்டாமா என்பதை வழக்கறிஞரோடு முன்னதாகவே முடிவு செய்ய வேண்டும்.

பாலியல் குற்றங்களில் ஸ்டேடிக்-99ஆர் என்ற கருவியைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அதில் பத்துக் கேள்விகள். விடுதலையாகும் வயது, முந்தைய தண்டனைகள், துணையோடு இரண்டு ஆண்டாவது சேர்ந்து வாழ்ந்ததுண்டா, பாதிக்கப்பட்டவர் உறவினரா அந்நியரா என்பவை போன்ற, பெரும்பாலும் மாற்ற முடியாத விவரங்கள். கூட்டிவரும் எண், இதே மதிப்பெண் பெற்ற ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் மறுபடியும் பிடிபட்டார்கள் என்பதைச் சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் நிற்பார் என்பதை அது சொல்லாது. வன்முறைக் குற்றங்களில் எச்.சி.ஆர்.-20 என்ற இன்னொரு கருவி உண்டு. அதில் இப்போதைய மனநிலை, வருங்காலத் திட்டம் ஆகியவற்றுக்கும் இடமிருக்கிறது.

இந்தக் கருவிகளைக் குறுக்கு விசாரணை செய்ய முடியும், செய்யவும் வேண்டும். கனடாவின் சுப்ரீம் கோர்ட் 2018இல் எவர்ட் வழக்கில், இத்தகைய கருவிகள் பழங்குடிக் கைதிகளுக்குப் பொருந்துமா என்று ஆராயாமலேயே அவற்றைப் பயன்படுத்தி வந்ததற்காகச் சிறைத்துறையைக் கண்டித்தது. அந்தத் தீர்ப்பு ஆஸ்திரேலியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ வளர்ந்து, திருமணம் வரை பெற்றோரோடு இருந்த ஒருவரிடம் "துணையோடு சேர்ந்து வாழ்ந்ததுண்டா" என்ற கேள்வி எதை அளக்கிறது என்று வழக்கறிஞர் நிபுணரைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் வீட்டு வழக்கங்களை வழக்கறிஞருக்கு விளக்கிச் சொல்லுங்கள். அவருக்கு அது தானாகத் தெரியாது.

மொழியில் கவனம் வேண்டும். அவருக்கு ஆங்கிலம் "சமாளிக்கும்" அளவுக்குத்தான் வரும் என்றால், உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உரைபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் நாட்டி அமைப்பின் சான்றிதழ் பெற்றவரா என்று விசாரியுங்கள். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா, ஆணா பெண்ணா என்பதையும் சொல்லலாம். அவமானம் கலந்த விஷயத்தை ஒரு பெண் உரைபெயர்ப்பாளர் முன் பேச முடியாமல் ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தால், அறிக்கையில் அது "பொறுப்பேற்கவில்லை" என்று பதிவாகிவிடலாம். சிறிய சமூகம், உரைபெயர்ப்பாளர் தெரிந்தவராகவே இருக்கக்கூடும். தெரிந்தவர் என்றால் வேறொருவரைக் கேட்பது உங்கள் உரிமை. குடும்பத்தில் ஒருவர், அதிலும் முக்கியமாகப் பிள்ளைகள், உரைபெயர்ப்பாளராக அமரவே கூடாது.

சிறைக்குள் நடக்கும் தீவிர சிகிச்சைத் திட்டங்களில் சேர்ந்தாரா, முடித்தாரா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். இங்கே குடும்பம் தெரியாமலேயே பெரும் கேடு செய்துவிட முடியும். "நீ ஒன்றும் செய்யவில்லை என்று எங்களுக்குத் தெரியும் ராசா, அந்த வகுப்புக்கெல்லாம் போய் ஒத்துக்கொள்ளாதே" என்று ஒவ்வொரு சந்திப்பிலும் அம்மா சொன்னால், மகன் அந்த அன்பை இழக்க அஞ்சியே கடைசிவரை மறுப்பார். சிகிச்சை பெறாமல் விடுதலைத் தேதி நெருங்கும். அவருக்கும் நல்லதல்ல, வெளியே இருப்பவர்களுக்கும் நல்லதல்ல. அன்பை விலக்கிக்கொள்ளாமலே நடந்ததை ஏற்க முடியும். "நீ என்ன செய்திருந்தாலும் உன்னைப் பார்க்க வருவேன், ஆனால் சிகிச்சைக்குப் போ" என்று ஒரு தாய் சொன்னால், எந்த நற்சான்றுக் கடிதமும் அதற்கு ஈடாகாது.

எந்த வீட்டுக்குப் போவது

ஒப்புதல் பெற்ற முகவரியில்தான் அவர் வசிக்க முடியும். அதற்காக, சிறைகளையும் மேற்பார்வையையும் கவனிக்கும் மாநிலத் துறையான கரெக்டிவ் சர்வீசஸின் அதிகாரி உங்கள் வீட்டுக்கு வருவார். யார் யார் இருக்கிறார்கள், பிள்ளைகள் உண்டா, யார் வந்து போகிறார்கள், பக்கத்தில் பள்ளியோ பூங்காவோ உண்டா, வீட்டில் மது உண்டா என்று கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் வாரம் மூன்று நாள் பள்ளி முடிந்து வந்து போவதை மறைத்து ஒப்புதல் வாங்கினால், அது வெளிப்படும் நாளில் வீடும் போகும், நம்பிக்கையும் போகும்.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. இதை யாரும் நம் வீடுகளில் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்பதால் நான் அழுத்திச் சொல்கிறேன். அவரிடம் அடிவாங்கிய மனைவி, அவரால் பாதிக்கப்பட்ட மகள், கைக்குழந்தையோடு இருக்கும் மருமகள், இவர்களில் யாரும் குடும்ப மானத்துக்காகவோ மாமனார் மாமியாரின் கண்ணீருக்காகவோ கதவைத் திறக்கக் கடமைப்பட்டவர்கள் அல்ல. அதிகாரி வரும்போது எல்லோர் முன்னிலையிலும் மறுத்துப் பேச முடியாவிட்டால், தனியாகத் தொலைபேசியில் பேச வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். 131 450 என்ற எண்ணில் டி.ஐ.எஸ். உரைபெயர்ப்புச் சேவையை அழைத்தால் தமிழில் பேச உதவி கிடைக்கும்.

பாதிக்கப்பட்டவர்களுக்கும் இந்த வழக்கில் இடம் இருக்கிறது. கரெக்டிவ் சர்வீசஸ் நடத்தும் பாதிக்கப்பட்டோர் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆணை கேட்டு மனுப்போடும்போது, தங்கள் அச்சத்தையும் எந்தெந்த நிபந்தனை வேண்டும் என்பதையும் எழுத்தில் கொடுக்கலாம். எழுதியவரின் சம்மதம் இல்லாமல் அந்த வாக்குமூலம் குற்றவாளியின் கைக்குப் போகாது. "என் வேலையிடம் இருக்கும் தெருவுக்குள் அவர் வரக் கூடாது" என்பது போன்ற குறிப்பான கோரிக்கை, பொதுவாகப் பயத்தை விவரிப்பதைவிட அதிகம் உதவும்.

குடும்ப வீடு ஒத்துவராவிட்டால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். சிலருக்குத் துறை நடத்தும் தங்குமிடத்தில் சில மாதம் இருந்து பழகிய பிறகு தனி வீடு பார்ப்பதுதான் சரியாக வரும். வாரத்தில் ஒரு நாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கும் அண்ணன், ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாத அண்ணனைவிட மேல்.

நிபந்தனைகளோடு வாழ்வது

ஆணையில் முப்பது, நாற்பது, சில சமயம் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிபந்தனைகள் இருக்கலாம். கணுக்காலில் மின்னணுப் பட்டை, இரவில் வீட்டைவிட்டு வெளியேறத் தடை, மதுவும் போதையும் கூடாது, குறிப்பிட்ட இடங்களுக்கும் ஆட்களுக்கும் அருகே போகக் கூடாது, மாநிலத்தைவிட்டு வெளியேற அனுமதி வேண்டும், பெயரையோ தோற்றத்தையோ கேட்காமல் மாற்றக் கூடாது, கைபேசி, கணினி, கடவுச்சொற்கள் அனைத்தையும் அதிகாரிக்குத் தர வேண்டும், வீட்டையும் பொருட்களையும் சோதிக்க விட வேண்டும்.

எல்லாவற்றிலும் அன்றாடம் கழுத்தைப் பிடிப்பது நடமாட்ட அட்டவணை. அடுத்த வாரம் முழுவதும் எந்த நேரத்தில் எங்கே இருப்பேன், எந்த வழியாகப் போவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், வழக்கமாக அந்த வாரம் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பே. ஒப்புதல் கிடைத்த பிறகு அதிலிருந்து விலகக் கூடாது, அவசரநிலை ஒன்றைத் தவிர. தூங்காபியில் இருந்து ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போவதாக எழுதியிருந்தால், திரும்பும் வழியில் "சும்மா ஐந்து நிமிடம்" பெரியம்மா வீட்டில் இறங்க முடியாது. நம்முடைய வாழ்க்கையோ இந்த ஐந்து நிமிடங்களால் ஆனது. வழியில் ஒரு வீடு, சாமான் வாங்க ஒரு கடை, "வந்தவர் சாப்பிடாமல் போகக் கூடாது." காரை ஓட்டும் மாமாவுக்கு இது தெரியாமல் இருந்தால் மீறுபவர் மாமா அல்ல, பின்னால் உட்கார்ந்திருப்பவர். ஆகவே அவரை அழைத்துக்கொண்டு போகும் ஒவ்வொருவரும் அட்டவணையைப் பார்த்திருக்க வேண்டும்.

கல்யாணம், பிறந்தநாள், அரங்கேற்றம் என்றால் பிள்ளைகள் இருப்பார்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட நிபந்தனை உள்ளவருக்கு அழைப்பிதழ் வந்தாலே அதிகாரியிடம் சொல்லிவிடுவது நல்லது. போக முடியாது என்று பதில் வந்தால் அதோடு விடுங்கள். தைப்பூசத்தன்று மேஸ் ஹில் முருகன் கோயிலில் கூட்டம் நெரியும், கூட்டம் குறைந்த ஒரு வாரநாள் காலையில் போக அனுமதி கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். கான்பராவில் மச்சினன் வீட்டுப் புதுமனை புகுவிழா என்றால் அது மாநில எல்லைக்கு வெளியே, அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

வீட்டுக் கணினியையும் டேப்லெட்டையும் எல்லோரும் பயன்படுத்துகிறீர்களா? அதிகாரியிடம் சொல்லி, எது அவருடையது எது அவர் தொடக் கூடாதது என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பழைய கைபேசிகளை இழுப்பறையில் போட்டுவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அவர் வருவதற்கு முன் அவற்றை அப்புறப்படுத்துங்கள். வாட்ஸாப் குடும்பக் குழுவில் அவரைச் சேர்ப்பதும் கேட்டுச் செய்ய வேண்டியதே, அந்தக் குழுவில் பதினான்கு வயது அக்கா மகளும் இருக்கலாம்.

அதிகாரி வாயால் சொல்லும் கட்டளையும் கட்டளைதான். தொலைபேசியை வைத்ததும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: "இன்று நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" தேதி, நேரம், யார் பேசினார், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மருத்துவமனைக்கு ஓட வேண்டி வந்தால் முதலில் ஓடுங்கள், போகும் வழியிலேயே அழையுங்கள், மருத்துவமனைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பட்டையைத் தினமும் சார்ஜ் செய்ய வேண்டும். அது சத்தம் போட்டாலோ அதிர்ந்தாலோ யார் எண்ணுக்கு அழைப்பது என்பதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.

குழந்தைகளுக்கு எதிரான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் காவல்துறையின் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டிலும் இருப்பார். அதன் கடமைகள் இந்த ஆணையிலிருந்து வேறுபட்டவை. மேற்பார்வை அதிகாரியிடம் சொன்னது காவல்துறையிடம் சொன்னதாகாது. இரண்டையும் தனித்தனியே செய்ய வேண்டும்.

மீறல்

ஆணையை மீறுவது தனிக் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஒவ்வொரு மீறலும் சிறையில் முடிவதில்லை, எச்சரிக்கையோடு விடுவதும் உண்டு. ஆனால் மீறல் ஒன்றைக் காரணம் காட்டி, மேற்பார்வை போதவில்லை, தடுப்புக்காவல் வேண்டும் என்று அரசு நீதிமன்றத்துக்குப் போகலாம். சிறையில் கழியும் நாட்கள் ஆணையின் காலத்தில் கழியாது. அவர் உள்ளே இருக்கும்போது ஆணை நின்று, வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஐந்து ஆண்டு ஆணை ஏழெட்டு ஆண்டாக நீள்வது இப்படித்தான்.

வீட்டில் உள்ளவர்கள் எதையாவது கவனித்தால் என்ன செய்வது? நீங்கள் போலீஸ் அல்ல, சிறைக்காவலரும் அல்ல. மருந்தை நிறுத்திவிட்டார், இரவில் தூங்குவதில்லை, பழைய கூட்டாளி அழைக்கிறார் என்பவை முதலில் அவரோடும், பிறகு அவருடைய உளவியலாளரோடும் பேச வேண்டியவை. பல சமயம் சிகிச்சையைத் தீவிரப்படுத்தினாலே சரியாகிவிடும். ஆனால் ஒரு குழந்தையோடு தனியாக இருக்க வழி தேடுகிறார், பாதிக்கப்பட்டவரைத் தேடுகிறார், ஆயுதம் வைத்திருக்கிறார் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. உடனே அதிகாரியை அழையுங்கள், ஆபத்து கண்முன் என்றால் 000. பெற்ற மகனைக் காட்டிக்கொடுத்த குற்றவுணர்வு உங்களைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். அந்த அழைப்பு இன்னொரு குடும்பத்தைக் காப்பாற்றுவதோடு, அவரையும் மீளமுடியாத ஒன்றிலிருந்து தடுத்திருக்கலாம்.

கோயில் நிர்வாகிகளுக்கும் தமிழ்ப் பள்ளி நடத்துபவர்களுக்கும்

குழந்தைகளோடு பணியாற்றுபவருக்கு, தொண்டராக இருந்தாலும், குழந்தைகளுடன் பணிபுரிவதற்கான சரிபார்ப்பு பொதுவாகக் கட்டாயம். "நம்ம ஆள்தானே" என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆணையில் உள்ள ஒருவர் வழிபாட்டுக்கு வருகிறார் என்று அவரே சொன்னாலோ அதிகாரி தெரிவித்தாலோ, அதை நிர்வாகக் குழுவில் தேவையான இருவர் மூவரோடு வைத்துக்கொள்ளுங்கள். அவர் எப்போது வரலாம், எங்கே நிற்கலாம் என்று அதிகாரியோடு பேசி எழுதிவையுங்கள். முகநூலில் படத்தைப் போட்டு ஊரைத் திரட்டினால் அவர் முகவரி இழப்பார், வேலை இழப்பார், கண்காணிப்பவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போவார். குழந்தைகளின் பாதுகாப்பு அதனால் அதிகரிக்காது.

இப்படிப்பட்டவர்களோடு வாரந்தோறும் உட்கார்ந்து பேசும் தொண்டர் குழுக்கள் 1994இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் ஒரு மெனோனைட் தேவாலயச் சூழலில் தொடங்கின. நாலைந்து பேர், ஒளிவுமறைவில்லாத பேச்சு, தவறினால் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு. பின்னர் பல நாடுகளுக்கு அந்த முறை பரவியது. நம் சமூகத்தில் நடுத்தர வயது ஆண்கள் சிலர் இதற்கு முன்வந்தால் அது பெரும் சேவையாக இருக்கும்.

குடியுரிமை இல்லாதவர் என்றால்

இந்தப் பகுதியை முதலில் படிக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்று முழுநேரச் சிறையில் இருக்கும், குடியுரிமை இல்லாத ஒருவரின் விசா, 2014 டிசம்பரில் வந்த விதிப்படி கட்டாயமாக ரத்தாகும். ரத்தை நீக்கக் கோர, அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து 28 நாட்கள்தான் அவகாசம். அந்த நாட்களைத் தவறவிட்டுவிட்டுப் பிறகு கெஞ்சிப் பயனில்லை. நிரந்தர வதிவுரிமை பெற்று இருபது ஆண்டு ஆனவர்களுக்கும் இது பொருந்தும். எனவே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரும் தேவை. இ.எஸ்.ஓ. வழக்கை நடத்துபவர் அதையும் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அகதியாக ஏற்கப்பட்டதால் இலங்கைக்குத் திருப்பி அனுப்ப முடியாதவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. நாடு கடத்தும் வாய்ப்பு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாத ஒருவரைக் குடிவரவுத் தடுப்பில் காலவரையின்றி வைத்திருக்கக் கூடாது என்று ஹை கோர்ட் 2023 நவம்பர் 8 அன்று என்.இசட்.ஒய்.கியூ. வழக்கில் தீர்ப்பளித்தது. வெளியே வந்தவர்கள் மீது மத்திய அரசு கணுக்கால் பட்டையையும் இரவுத் தடையையும் விசா நிபந்தனையாகவே விதித்தது. 2024 நவம்பர் 6 அன்று ஒய்.பி.எஃப்.இசட். வழக்கில் அந்த நிபந்தனைகளை விதித்த முறையை நீதிமன்றம் தண்டனைத் தன்மையுடையது என்று செல்லாததாக்கியது. அரசு விதிகளை மாற்றி எழுதியது. இந்தத் துறை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, பழைய ஆலோசனையை நம்பியிருக்க வேண்டாம். இந்த விசா நிபந்தனைகளும் மாநில நீதிமன்றத்தின் இ.எஸ்.ஓ.வும் வேறு வேறு. அவர் காலில் இருக்கும் பட்டை எந்தச் சட்டத்தால் வந்தது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாற்றக் கேட்பதும் முடிவுக்கு வருவதும்

ஆணை பிறந்த நாளிலிருந்து 28 நாட்களுக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை இருக்கிறது, அதன்பிறகு என்றால் அனுமதி கேட்க வேண்டும். மேல்முறையீடு செய்யாவிட்டாலும், நிபந்தனைகளை மாற்றவோ ஆணையையே நீக்கவோ எப்போது வேண்டுமானாலும் மனுச் செய்யலாம். பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது கரெக்டிவ் சர்வீசஸ் ஆணையர் அவரைப் பற்றி அட்டர்னி ஜெனரலுக்கு அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கை எழுதப்படும் மாதத்தை அறிந்துகொண்டு, வேலை கொடுத்தவரின் கடிதம், உளவியலாளரின் குறிப்பு, முடித்த பயிற்சிகளின் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே அதிகாரியிடம் சேர்த்துவிடுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகாமலும் பல தளர்வுகள் கிடைக்கும். அட்டவணையை எப்படிக் கொடுப்பது, இரவுத் தடை எத்தனை மணிக்குத் தொடங்குவது, பட்டை இன்னும் தேவையா என்பவற்றை அதிகாரியே தளர்த்தும்படி ஆணைகளில் எழுதியிருப்பது வழக்கம். கேட்கும்போது பொதுவாக "கொஞ்சம் விடுங்கள்" என்று கேட்காதீர்கள். "ஆறு மாதமாக ஒரு மீறலும் இல்லை. சனிக்கிழமை காலை வேலைக்கு இந்த முதலாளி எடுத்துக்கொள்கிறார், இது அவர் கடிதம். அதற்காக நாலரை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்" என்று கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காரணம்தான் அடுத்த ஆறு மாதத்தில் நீங்கள் சரிசெய்ய வேண்டியது.

கடைசி ஒன்பது மாதம் வரும்போது அரசு மறுபடியும் ஐந்து ஆண்டு கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கும். அந்த முடிவு நீங்கள் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தை வைத்து அல்ல, அதிகாரியின் கோப்பை வைத்தே எடுக்கப்படும். ஆகவே நடுவழியிலேயே, மூன்றாம் ஆண்டளவில், அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று வழக்கறிஞர் மூலம் கேட்டுப் பாருங்கள். பிழையான குறிப்பு, உங்கள் விளக்கம் சேராத ஒரு மீறல், பட்டை பழுதானதால் வந்த எச்சரிக்கை ஒன்றைத் தப்பி ஓட முயன்றதாக எழுதியிருப்பது, இவற்றையெல்லாம் நினைவுகள் பசுமையாக இருக்கும்போதே, உங்கள் புத்தகத்தில் உள்ள தேதியோடும் குறுஞ்செய்தியின் நகலோடும் திருத்தக் கேட்க வேண்டும்.

மெல்போர்ன் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: விக்டோரியாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில் மேற்பார்வை ஆணை 15 ஆண்டு வரை போகலாம், மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது நீதிமன்றம் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும், நிபந்தனைகளைக் கவனிக்கத் தனியான ஓர் ஆணையமும் அங்கே இருக்கிறது. வீடு மாறி மாநிலம் கடக்க நினைப்பவர்கள், லாரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இரு மாநில வழக்கறிஞர்களிடமும் பேசிவிடுங்கள்.